பெருநாளைக்கு வைத்த சோளம்

கொதித்துக்கொண்டிருந்த சோளப் பானைக்குள் ஹமீட் இரண்டு கை நிறையக் கல்லுப்பை அள்ளிப் போட்டார். போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போட்டது. இருபத்திரண்டு வருஷமாக உப்பளத்தில் உப்பு வாரிய கை. உப்பில்லாமல் ஒரு பண்டம் கெடாமல் கிடக்கும் என்பதை அது நம்பாது. அரை மணித்தியாலம் கழித்து ஒரு சோளப் பொத்தியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். பால் கட்டியிருந்த மணிகள் சிப்பி ஓடு மாதிரி ஆகியிருந்தன. பத்துப் பொத்தி போச்சு.

பக்கத்து வீட்டிலிருந்து அவருடைய மூத்த சகோதரி ஸுலைஹா ராத்தா வந்தார். ஒரு மணியை வாயில் போட்டு மென்றார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"தம்பி, இது சோளமா, கருவாடா?"

"நாள்படக் கிடக்கட்டுமெண்டு போட்டன் ராத்தா."

"ஐஸில வெக்கிற சாமானுக்கு உப்பென்னத்துக்கு? உன்னைய ஐஸில வெச்சாலும் நீ உப்புக் கேப்பாய்."

ஹமீட் யோசித்துப் பார்த்தார். கேட்கத்தான் செய்வார்.

விஷயம் இதுதான். மனைவி ஷஃபீனா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. நோன்புப் பெருநாளைக்கு வந்துவிடுவேன் என்று போகும்போது சொன்னாள். அவளுக்குப் பச்சைச் சோளம் என்றால் உயிர். ஆனால் காடு வெட்டிப் போடுகிற சேனைச் சோளம் ஜனவரியோடு முடிந்துவிடும்; பெருநாளோ மார்ச்சில். ஆகவே மதுரங்குளிச் சந்தியில் இருபத்தைந்து பொத்தி வாங்கி, அவித்து, பிரிஜ்ஜின் மேல்தட்டில் உறைய வைத்துவிட்டால் அவள் வரும்போது இருக்கும். திட்டத்தில் ஒரேயொரு சின்னக் குறை: அவள் வருகிறாளா என்று யாரும் சொல்கிறார்களில்லை.

சிலாபத்தில் கட்டிக்கொடுத்த மகள் அமானியிடம் கேட்டார். "உம்மாட்டயே கேளுங்களேன் வாப்பா" என்றாள். ஷஃபீனாவிடம் கேட்டால், "பாப்பம், இன்ஷா அல்லாஹ்." ராத்தாவிடம் இப்போது கேட்டார்.

"உங்களுக்கு அவ ஏதும் சொன்னாவா ராத்தா?"

"இந்த நாரெல்லாம் ஒழுங்கா எடு, தொண்டையில சிக்கும்" என்றபடி ராத்தா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். முற்றத்தை அவர் காலையில்தான் கூட்டியிருந்தார்.

ஹமீடுக்குக் கோபம் வரவில்லை. கவலையும் வரவில்லை. இந்த இடத்தில் ஏதாவது வரவேண்டும் என்று தெரிந்தது, அவ்வளவுதான். உப்புப் பாத்தியில் நாள் முழுக்க நின்றால் உள்ளங்கால் இப்படித்தான் ஆகும். கல் குத்தும். பிறகு இரத்தத்தைப் பார்த்துத்தான் குத்தியது தெரியும்.

வெள்ளிக்கிழமை என்பதால் ஜும்ஆவுக்குப் பிறகு ஷஃபீனா இமோவில் வீடியோக் கோல் எடுத்தாள். ஹமீட் போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்தார்.

"என்ன செய்றீங்க? பின்னால ஒரே புகையாக் கிடக்கு."

"சோளம் அவிக்கிறன். ஐஸில வெக்க."

"உப்புப் போட்டீங்களா?"

"இல்ல."

பத்துப் பொத்தியும் மேசையில், போனுக்குத் தெரியும்படி வரிசையாகக் கிடந்தன.

"போட்டிருக்கிறீங்க."

"கொஞ்சம்."

அவள் சிரித்தாள். வாயை மூடிய பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது.

"இனிப் போடாதீங்க. தண்ணி நல்லாக் கொதிச்சாப் பிறகு போட்டு, அஞ்சு நிமிசம், அவ்வளவுதான். உடன எடுத்து ஐஸ் தண்ணியில அமுக்குங்க. ஆறினாப் பிறகு ஈரத்தத் துடைச்சு, கத்தியால மணிய வெட்டி எடுங்க. அடியொட்ட வெட்டப்படாது, சக்கை வரும். பேக்ல போட்டுக் காத்த அமுக்கி எடுத்துட்டுக் கட்டுங்க."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனையோ மாதம். மிச்சமிருந்த பதினைந்து பொத்தியையும் ஹமீட் அவள் சொன்னபடியே செய்தார். அவள் போனை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது பொத்தியில் விரலையும் கொஞ்சம் சீவிவிட்டார். வலிக்கிறதா என்று காத்திருந்து பார்த்தார். பிறகு சீலைத்துண்டைச் சுற்றிக்கொண்டு எட்டாவதை எடுத்தார். கடைசியில் நாலு பை தேறியது.

"எத்தன மாசம் பழுதாகாமக் கிடக்கும்?"

"ஏழெட்டு மாசம் கிடக்கும்."

"அவ்வளவு தேவையில்ல. பெருநாள் வரைக்குந்தானே."

ஷஃபீனாவுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். அரபியில் ஏதோ பதில் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"பாப்பமெண்டு சொல்லாத புள்ள" என்றார் ஹமீட். நாலு பையையும் மடியில் வைத்திருந்தார். குளிர் சாறனுக்குள்ளால் இறங்கிக்கொண்டிருந்தது. "அல்லாஹ்ட நாட்டத்த அவன் பாத்துக்கொள்ளுவான். நீ உன்ட நாட்டத்தச் சொல்லு."

அவள் போனை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வரல்ல" என்றாள். "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வெச்சிட்டன். ஆரும் வற்புறுத்தல்ல. எனக்கு இங்க பழகிட்டு. அங்க வந்து என்ன செய்யிறதெண்டு விளங்கல்ல. அந்தச் சோளத்த எனக்கெண்டு வெக்காதீங்க, நோம்புக்கு நீங்களே தின்னுங்க."