ஆறு வரிக் கட்டத்துக்குள் ஒரு நாய்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஓர் இன்சூரன்ஸ் விண்ணப்பத்தின் ஒன்பதாவது கேள்வி. 'விபத்து எப்படி நேர்ந்தது? சொந்த வார்த்தைகளில் எழுதவும்.' கீழே ஆறு வரிக்குக் கட்டம் போட்டிருந்தார்கள். என் அக்காவின் கணவர், ஃபிரிட்ஜ் மெக்கானிக், வலது கையில் கட்டோடு அந்தத் தாளை என்னிடம் நீட்டினார்.

"மாப்ள, நீதான் கதையெல்லாம் எழுதுறியே. இதையும் எழுதிக் குடு."

என் எழுத்துக்குக் குடும்பத்தில் கிடைத்த முதல் மரியாதை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2

நடந்தது இதுதான். மச்சான் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். எதிரே அவருடைய வாடிக்கையாளரான ஒரு டீச்சர் நடந்து வந்தார். டீச்சருடைய ஃபிரிட்ஜ் ஒன்றரை மாதமாக மச்சானின் பட்டறையில் கதவு கழன்று நிற்கிறது. கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் "நான் வெளியூர்ல இருக்கேன் டீச்சர்" என்று போனில் சொல்லியிருந்தார். வெளியூரில் இருப்பவர் எதிரே வரக் கூடாதல்லவா? சட்டென்று பக்கத்துச் சந்தில் வண்டியைத் திருப்பினார். சந்து என்று அவர் நினைத்தது யாரோ வீட்டு இரும்புக் கேட்.

3

முதல் வரைவு: 'மழை ஓய்ந்த அந்த மாலையில், ஈரச் சாலையின் மீது—'

(வேண்டாம். அன்று மழை இல்லை. மாலையும் இல்லை, காலை பத்தரை.)

இரண்டாவது: 'வாழ்க்கையின் சில திருப்பங்கள் நாம் திருப்பாமலே—'

(ஆறு வரியில் தத்துவம் அடங்காது.)

மூன்றாவது: 'திடீரென்று குறுக்கே ஒரு நாய் ஓடிவந்தது.'

எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எனக்கு டீச்சர் பாத்திரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. நாற்பது வயது ஆள் ஒரு டீச்சருக்குப் பயந்து கேட்டில் மோதினான் என்றால் யார் நம்புவார்கள்? நாய் என்றால் நம்புவார்கள். அதுவும் நான் விட்டது கறுப்பு நாய், ஒரு காது மடிந்தது. கை சும்மா இருக்கவில்லை. 'அந்த வாயில்லா ஜீவனைக் காப்பாற்றவே வண்டியைத் திருப்பினேன்' என்று மச்சானை உத்தமராகவும் ஆக்கிவிட்டேன்.

மச்சான் படித்துப் பார்க்காமலே இடது கையால் கையெழுத்துப் போட்டார். (அடிக்குறிப்பு: என் கதைகளுக்கு இதுவரை அமைந்த வாசகர்களும் ஏறக்குறைய இப்படித்தான்.)

4

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் பட்டறைக்கு வந்தார். வண்டியின் வளைந்துபோன முன்பக்கத்தைப் படம் எடுத்தார். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"நாய் என்ன கலர்?"

மச்சான் என்னைப் பார்த்தார். "எந்த நாய்?"

அதன் பிறகு மறைக்க எதுவும் இல்லை. மச்சான் டீச்சர், ஃபிரிட்ஜ், வெளியூர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதையே எழுதியிருந்தா போன வாரமே பாஸ் ஆயிருக்கும் சார். தப்பா ஓட்டி விழுறவங்களுக்கும் சேத்துதான் இன்சூரன்ஸ். பொய் எழுதுனாதான் குடுக்க மாட்டோம்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

போகும்போது அவர் இரக்கப்பட்டு இன்னொரு தாளைக் கொடுத்தார். "புதுசா எழுதுங்க. பாத்தவங்க ஒருத்தர் கையெழுத்தும் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா, நாய் இருக்குற தாளோடயே ஃபைல் மேலாபீஸுக்குப் போயிடும்."

பார்த்தவர் ஒரே ஒருவர்தான்.

வண்டி இல்லாவிட்டால் மச்சானுக்குப் பிழைப்பு இல்லை. ஃபிரிட்ஜுக்கு அடைக்கும் கேஸ் சிலிண்டரோடு அவரை எந்த பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். கைக்கட்டை அடுத்த வாரம் பிரித்துவிடுவார்கள். பிரித்த கையை வைத்துக்கொண்டு எங்கே போவது? அக்கா என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

5

பேனாவைத் திறந்தேன். மச்சான் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ தொடாத மாப்ள."

இடது கையால், கோணல்மாணலாக, அவரே எழுதினார்:

'டீச்சரைப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் ரெடி இல்லை. பயந்து திருப்பினேன். கேட்டில் மோதினேன். தப்பு என்னுடையது.'

எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு சொல்லை எடுக்க முடியாது, ஒரு சொல்லைச் சேர்க்கவும் முடியாது. கட்டத்தில் பாதி மிச்சம் வேறு.

6

முடிவு ஒன்று: டீச்சர் சிவப்பு மையால் அதைத் திருத்தி, பத்துக்கு—

(மலிவான நகைச்சுவை.)

முடிவு இரண்டு: டீச்சரின் கண்கள் கலங்க, அவர்—

(டீச்சரை உங்களுக்குத் தெரியாது. எனக்கும்தான்.)

அடுத்தவர் சார்பில் எழுதிப் பட்டது போதும். இனி டீச்சர் நீங்களே. ஒன்றரை மாதமாகக் காலையில் வாங்கிய பால் மாலைக்குள் திரிந்துபோகிறது. ஏழு முறை போன் செய்திருக்கிறீர்கள். வெளியூரில் இருப்பதாகச் சொன்ன ஆள் இப்போது கையில் கட்டோடு உங்கள் வாசலில் நிற்கிறார். என்ன சாக்குச் சொல்வது என்று அவர் யோசித்து வரவில்லை. தாளை நீட்டுகிறார். நாளை வெள்ளிக்கிழமை.

சாட்சியின் கையெழுத்து என்ற இடம் காலியாக இருக்கிறது. உங்களிடம் பேனா இல்லையென்றால் என்னுடையதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போதைக்கு வேண்டியதில்லை.