தலையணையில் எறும்பு

கண் டாக்டர் கேள்வி கேட்டது மனைவியிடம், வேர்த்தது கணவருக்கு. "ராத்திரியில எழுந்து யாருக்கும் தெரியாம இனிப்பு ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா? சொல்லுங்க, நான் ஒண்ணும் போலீஸ் இல்ல" என்றார் அந்த அம்மாள், விளக்கை அவளுடைய இடது கண்ணிலிருந்து எடுக்காமலே. இல்லை என்றாள் அவள். டாக்டர் நம்பவில்லை என்பது பேனாவை மூடிய சத்தத்திலேயே தெரிந்தது. மூலை நாற்காலியில் கணவர், லிஃப்ட்காரர், திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக வாயை இறுக்கிக்கொண்டு, நகத்தில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரர் என்றால் உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவர் இல்லை, பழுது பார்க்கிறவர். உயரமான கட்டடங்களின் உச்சி அறைகளில், மோட்டாரோடும் இரும்புக் கயிற்றோடும் பாதி ஆயுளைக் கழித்தவர். அவர் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது வேறு விஷயம். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரார் ரத்தத்தையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. உடம்பில் இன்சுலின் அறவே சுரக்காத வகை, காலத்துக்கும் ஊசிதான் கதி. "சர்க்கரை டெஸ்ட் எடுக்கிற பொண்ணுக்கே சர்க்கரையாம்" என்று கட்டடத்தில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்ததில் ருசி கெட்டு, விட்டுவிட்டார்கள்.

போன வாரம் மைக்ராஸ்கோப்பில் கறுப்பாக ஒரு நூல் மிதந்தது. லென்ஸைத் துடைத்தாள். ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தால், நூல் சுவரிலும் வந்து தொங்கியது. கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது.

"லேசர் வைக்கலாம். ஆனா சர்க்கரை இதே உயரத்துல நின்னா அடுத்தது வலது கண்ணுதான்" என்று டாக்டர் முடித்துவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். அவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. காரணம் அவருக்குத் தெரியும்; காரணமே அவர்தான்.

அவளுடைய மேல்கையில் சர்க்கரையை அளக்கும் ஒரு வட்டச் சில்லு ஒட்டியிருக்கும். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் போன் கத்தும். அந்தக் கையின் மேலேயே ஒருக்களித்துப் படுத்து அழுத்தினாலும், இறங்கிவிட்டதென்று பொய்யாகக் கத்தும். பொய்யா மெய்யா என்று விரல் நுனியில் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் அவள் 'நல்லாத்தானே இருக்கு' என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவர் எப்படிப் படுப்பார்? பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதென்று மிதிக்கவும் முடியாமல், விடியும்வரை அவள் மூச்சையல்லவா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே குத்துவதை விட்டுவிட்டார். போன் கத்தினால் அமுக்குவது, அவள் தலையைத் தூக்கிப் பிடிப்பது, குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை வாயில் ஊற்றுவது. பாதித் தூக்கத்தில் குடித்துவிடுவாள், காலையில் நினைவிருக்காது. "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா நம்மளைத் திட்டுவாங்க. விழுந்துட்டா திட்ட ஆள் இருக்காது" என்பது அவர் தொழிலில் சொல்லும் நியாயம். வீட்டிலும் அதையே நடத்தினார்.

சர்க்கரை டாக்டரோ காலைக் கணக்கு ஏறிக் கிடப்பதைப் பார்த்து, ராத்திரி ஊசியின் அளவைக் கூட்டினார். ஊசி கூடியதும் பொய்யாகக் கத்திய போன் மெய்யாகவே கத்தத் தொடங்கியது. இவர் இன்னொரு கரண்டி கரைத்தார். அவர் மேலும் கூட்டினார். லிஃப்ட் கூண்டில் இவர் பாரம் ஏற்ற, மறுபக்கத்து எதிர் எடையில் டாக்டர் பாரம் ஏற்ற, நடுவில் கயிறு அவள். ஒருநாள் தான் அசந்து தூங்கிவிட்டால் என்ன ஆகும் என்று லிஃப்ட்காரருக்குப் புரியாமலில்லை. சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். சில சமயம் அதுவும் நல்லதுக்குத்தான். எந்த வீட்டில் எத்தனை முட்டை உடைகிறது என்பதுவரை அறிந்த கீழ்வீட்டு அம்மாள், அவளைப் படிக்கட்டில் மறித்தாள். "உங்க வீட்டுல மிட்டாய்க் கம்பெனி ஏதாவது நடத்துறீங்களா? எறும்பு எங்க ஜன்னல் வழியா ஏறி உங்க படுக்கை ரூமுக்குப் போகுது. நானும் பார்த்துட்டே இருக்கேன், ஒண்ணுகூட வெறும் வாயோட திரும்பல."

அன்று லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்தபோது, அவள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உறையைக் கழற்றியிருந்தாள். காய்ந்து விறைத்த ஒரு கறையைச் சுற்றி எறும்புகள் மொய்த்திருந்தன.

"எத்தனை நாளா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவருக்கு இல்லை. "அலாரம் அடிக்கும்போதெல்லாம்."

"குத்திப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"கண்ணு போயிட்டிருக்குங்க எனக்கு." அவள் குரலை உயர்த்தவில்லை. "கண் டாக்டரம்மா முன்னாடி திருடி மாதிரி உக்காந்திருந்தேன். நீங்க மூலையில உக்காந்து நகத்தை நோண்டிட்டிருந்தீங்க."

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். இதற்கெல்லாம் முன்னால் ஒரு ராத்திரி அவளுக்குச் சர்க்கரை இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவளுக்குத் தெரியும். 'லேசா மயக்கம்' என்று சொல்லி வைத்திருந்தார். "மயக்கம் இல்லம்மா. கட்டில் ஆடுச்சு. தெருவுல லாரி போகுதுன்னு நினைச்சேன். கண்ணு திறந்துதான் இருந்தது, ஆனா கறுப்பு முழியே இல்ல. கூப்பிட்டேன், என்னைப் பார்க்கவே இல்ல நீ." வலது கையை நீட்டினார். "இது கம்பி கிழிச்சதுன்னு சொன்னேனே, உன் பல்லு. அப்புறம் ஆட்டம் நின்னுச்சு. அப்பாடான்னு இருந்தது. குனிஞ்சு பார்த்தா மூச்சு சத்தம் கேக்கல."

அவள் அந்தத் தழும்பைப் பார்த்தாள். தொடவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு போய் பால்கனியில் உதறினாள்.

மறுநாள் இருவருமாகப் போய்ச் சர்க்கரை டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினார்கள். தூங்குகிறவள் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும் என்று அவர் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, ஊசியைக் குறைத்தார். இனிமேல் போன் கத்தினால் அவளை எழுப்பிக் குத்திப் பார்க்க வேண்டும். எழுபதுக்குக் கீழே இருந்தால் மட்டும், எழுந்து உட்கார்ந்து அவளே குடிக்க வேண்டும். இத்தனை எளிதாகவா என்று லிஃப்ட்காரருக்கு வெட்கமாகவே இருந்தது. வீட்டில் எறும்பு மருந்து தெளித்தார்கள். வாசனை பிடித்த கீழ்வீட்டு அம்மாள், "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு இல்லாம, இப்பவே மருந்து வச்சீங்களே, அது போதும்" என்று மனமாரப் பாராட்டினாள். மனைவி சிரித்தாள். லிஃப்ட்காரருக்குச் சிரிக்க வரவில்லை.

சில நாள் கழித்து ஒரு ராத்திரி போன் கத்தியது. சில்லு ஒட்டிய கை அவளுக்கு அடியில்தான் கிடந்தது. எழுப்பினார், விரலைக் குத்தினார், நூற்றுக்கு மேலே காட்டியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார். இறங்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. கை அழுந்தியிருக்கு, அவ்வளவுதான். படு" என்று சொல்லி விளக்கை அணைத்தார். முறைப்படி ஒன்றைச் செய்து முடித்த நிம்மதியில், பல நாளைக்குப் பிறகு அவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

அவள் படுக்கவில்லை. இருட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் தூங்கினப்புறம் கட்டில் ஆடினா, உங்களுக்குக் கேக்குமா?"

"கேக்கும்."

"அசந்து தூங்கிட்டா?"

சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ இருமி ஓய்ந்தார்கள்.

"எதுக்கும் கொஞ்சம் குடுங்க" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் எதற்காகத் திட்டு வாங்கினோமோ, அதையே அவள் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியாதா. விளக்கைப் போட்டு, சமையலறைக்குப் போய், கரைத்துக்கொண்டு வந்தார். அவள் நன்றாக விழித்திருந்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடிவரை நிதானமாகக் குடித்தாள். பிறகு வெற்று டம்ளரை நீட்டினாள். அவர் கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினாள். அவர் தன் கையை நகர்த்தி டம்ளருக்கு அடியில் கொண்டுபோனார்.