அரை டம்ளர்

ஊரார் துணிக்கெல்லாம் இஸ்திரி போட்ட மனுஷருக்கு, கடைசியாக உடுத்தி அனுப்ப இஸ்திரி போட்ட சட்டை ஒன்றுகூட வீட்டில் இல்லை. அலமாரியைக் குடைந்து, கசங்கிப் போன வெள்ளைச் சட்டை ஒன்றை மகள் தேடி எடுத்தாள்.

"கடையில குடுத்தா அஞ்சு நிமிஷத்துல போட்டுக் குடுத்துருவாங்க" என்றார் சித்தப்பா. சொல்லி முடித்த பிறகுதான் அது எந்தக் கடை என்று அவருக்கு உறைத்தது. நாற்காலி போதாது என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். ஒரு மேஜை, அதன் மேல் நாலாக மடித்த கம்பளி, ஒரு கனத்த இஸ்திரிப் பெட்டி, சுவரோரம் மூட்டை மூட்டையாக அடுத்தவர் துணி. மகள் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பெட்டி காயக் காத்திருந்தாள். நேற்று மதியத்திலிருந்து அழுகை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், வரவில்லை. யாரோ வேறு வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவள் போலிருந்தது.

ஒருக்களித்த கதவுக்கு அந்தப் பக்கம் கூடத்தில் அப்பா படுத்திருந்தார். அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சு.

"அரை டம்ளர்தான் குடுத்தேன். பொடி தீரப்போகுதேன்னு கஞ்சத்தனம் பண்ணிட்டேன். முழு டம்ளர் குடுத்திருந்தா இருந்திருப்பாரு."

"விதி முடிஞ்சா நீ என்ன பண்ணுவ? விடு."

அம்மா சொன்னது கஷாயத்தை. சிறுகுறிஞ்சான் இலை, வெந்தயம், நாவல்கொட்டை மூன்றையும் காய வைத்து இடித்த பொடி. ஐந்து வருஷமாகத் தினமும் காலையில் கொதிக்க வைத்து, அப்பா குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்க வைப்பது மகளின் பொறுப்பு. "பொண்டாட்டிக்குக் கஷாயம், பொண்ணுக்கு மாத்திரை. ரெண்டு பேரையும் பகைச்சுக்கிட்டு நான் சோத்துக்கு எங்க போவேன்?" என்று அப்பா இரண்டையும் விழுங்கிவந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மகள்தான் அவரை டாக்டரிடம் கூட்டிப்போவாள். ஒருநாள் அந்த டாக்டர், நாட்டு மருந்து குடித்ததாகச் சொன்ன ஒரு கிழவரைக் காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கிழி கிழியென்று கிழித்தார். அப்பா அப்படித் தலைகுனிந்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே கஷாயத்த நிறுத்திடும்மா. ரத்தத்துல காட்டிக் குடுத்துரும்."

அம்மா நிறுத்தினாள். அந்த ஒரு வாரத்தில் சர்க்கரை ஏறியது. டாக்டர் அளவைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினார். வீட்டுக்கு வந்ததும் கஷாயம் மறுபடி தொடங்கியது. இப்படியே மூன்று முறை. ஒவ்வொரு முறையும், மாட்டிக்கொள்ளாமல் திரும்பிவிட்டோம் என்று மகளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

நேற்று துணி அதிகம். அப்பா சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு நின்றார். பிறகு தலை சுற்றுகிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் கையை விரித்துவிட்டு அவளைத் தனியாக அழைத்தார்.

"சுகர் முப்பதுக்குக் கீழ இறங்கியிருக்கு. மாத்திரையோட வேற ஏதாவது எடுத்துக்கிட்டாரா?"

"இல்ல சார்."

பழகிப்போன வாய். வீடு திரும்பும் வழியில்தான் அவளுக்கு எல்லாம் வரிசையாகப் புரிந்தது. புரிந்ததை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டி காய்ந்துவிட்டது. சட்டையில் தண்ணீர் தெளித்து, காலரிலிருந்து தொடங்கினாள். அப்பா அப்படித்தான் தொடங்குவார். கால் எதிலோ இடறியது. குனிந்து பார்த்தால், மேஜைக்கு அடியில் சுருட்டி ஒளித்து வைத்த ஒரு நீலச் சட்டை. முதுகில் பெட்டியின் அச்சு அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது.

"அது என் சட்டைம்மா" என்று வாசலிலிருந்து ஒரு குரல். பக்கத்துக் கடைத் தையல்காரர். அப்பாவின் நண்பர், அவருக்கும் சர்க்கரை உண்டு. "முப்பது வருஷத்துல ஒரு துணியச் சுட்டவர் இல்ல. நேத்து கை நடுங்குது, வேர்வை ஊத்துது. இஸ்திரிக்காரனுக்கு வேர்க்காம ஐஸ்காரனுக்கா வேர்க்கும்னு கிண்டல் பண்ணிட்டுப் போயிட்டேன்."

அவர் கையில் அம்மாவின் பொடி டப்பா இருந்தது.

"அம்மா குடுத்தாங்க. இதக் குடிச்ச வரைக்கும் அவருக்கு சுகர் ஏறவே இல்ல, மிச்சத்த நீங்களாவது குடிங்கன்னாங்க."

"நீங்க மாத்திரை சாப்பிடுறீங்கல்ல மாமா?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. டாக்டர்கிட்ட இதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?"

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சொன்னால், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தன் கையால் ஆற்றிக் கொடுத்தது என்ன செய்தது என்று தெரிந்துகொண்டு அம்மா மிச்ச நாளை எப்படி ஓட்டுவாள்? சொல்லாவிட்டால் அந்த டப்பா தையல்காரர் வீட்டு அடுப்படிக்குப் போகும்.

"அதக் குடிக்காதீங்க மாமா."

"ஏம்மா?"

"அப்பாவுக்கு சுகர் இறங்கித்தான் போயிருக்கு. மாத்திரையும் இறக்கும், கஷாயமும் இறக்கும். கஷாயம் குடிக்கிறது டாக்டருக்குத் தெரியாது. அவரு பாட்டுக்கு மாத்திரையக் கூட்டிட்டாரு." பெட்டியை எடுத்துச் சட்டையின் மிச்சத்தையும் தேய்த்து முடித்தாள். "நான்தான் மறைக்கச் சொன்னேன். அம்மா இல்ல, நான்."

தையல்காரர் தன் நீலச் சட்டையைப் பார்த்தார். "அப்போ அந்த வேர்வை..."

"ஆமா மாமா."

கூடத்தில் அம்மாவின் குரல் நின்று சற்று நேரமாகிவிட்டது என்பதை அப்போதுதான் கவனித்தாள். திரும்பினாள். கதவைப் பிடித்தபடி அம்மா நின்றிருந்தாள்.

அம்மா மேஜையைப் பார்த்தாள். கருகிய சட்டையைப் பார்த்தாள். பிறகு வந்து, தையல்காரர் கையிலிருந்த டப்பாவை வாங்கித் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சட்டை ஆச்சா?"

"ஆச்சும்மா."

"கொண்டா. ஆறிடப்போகுது."

சித்தப்பாவும் இன்னும் இருவரும் சேர்ந்து சட்டையை மாட்டிவிட்டார்கள். கை நீட்டி விறைத்திருந்ததால் முதுகுப் பக்கம் வெட்ட வேண்டியிருந்தது. முன்பக்கம் ஒரு சுருக்கம் இல்லை. அப்பா எங்கோ கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார்.

அப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடிவந்த அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "நேத்துகூடக் கஷாயம் குடுத்தியாமே அண்ணி! அப்படிப் பார்த்துக்கிட்டியே!"

அப்பாவின் காலடியில் நின்ற மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"அரை டம்ளர்தான் குடுத்தேன்" என்றாள் அம்மா. முழு டம்ளர் பேச்சு இந்த முறை வரவில்லை.

அம்மா அப்பாவின் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மகளை நிமிர்ந்து பார்க்காமலே, பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையையும் வைத்தாள். சட்டை இன்னும் சூடாகத்தான் இருந்தது.