சுத்தமான தண்ணீர்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில், ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஜெரார்டின் சவப்பெட்டி இருந்தது. வேலை செய்த மின்நிலையத்தில் கொதிகலனுக்குத் தண்ணீர் போகும் குழாய் வெடித்து அவன் வெந்துபோனான். அந்தத் தண்ணீரைக் கவனிக்கும் வேதியியலாளன் கீதனுக்குக் கண்ணீர் என்று ஒரு சொட்டு வரவில்லை.

ஜெரார்டின் மனைவி மிரண்டா கேட்டாள்: “தண்ணி அழுக்கா இருந்துச்சா?”

“இல்ல. ரொம்பச் சுத்தம்.”

துரு பிடிக்கக் கூடாதென்று தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை மிச்சமில்லாமல் நீக்கிவந்தவன் கீதன்தான். கொஞ்சமாவது விட்டிருந்தால் எஃகின் உட்புறக் காப்புப் படலம் நின்றிருக்கும். அது கரைந்து, வளைவில் குழாய் காகிதம்போல் மெலிந்திருந்தது.

“அப்ப உங்க மேல தப்பில்ல லா,” என்று மிரண்டா ஒரு தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

கீதன் வாங்கி, முழுவதையும் குடித்தான்.