ஏற்றி எழுதாத விலை

பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலைக்கு மரப்பெட்டி செய்து கொடுப்போர் நால்வர். ஒவ்வொரு டெண்டருக்கும் முன்னர் அவர்கள் கேம்ப் பகுதியின் தேநீர்க்கடை ஒன்றில் கூடி, இம்முறை ஆர்டர் யாருக்கு என்று முடிவுசெய்வர். ஏனைய மூவரும் விலையை ஏற்றி எழுதுவர். வெளியே போட்டியாகவும் உள்ளே உடன்பாடாகவும் விளங்கும் இவ்வமைப்புக்கே கார்டெல் என்று பெயர். அனைவருக்கும் பலகை தருவது அவர்களுள் ஒருவரான போஸ்லேயின் மரக்கடை.

நால்வருள் இன்னொருவரான ஞானப்பிரகாசத்தின் முறை வர நெடுநாள் இருந்தது. அதற்குள் வேலையின்றித் தச்சர்கள் விலகிவிடுவர் என்ற அச்சத்தால், 1997ஆம் ஆண்டின் அந்த டெண்டரில் அவர் தமக்குக் கட்டுப்படியாகும் குறைந்த விலையையே எழுதினார்.

உறைகள் பிரிக்கப்படும் அறையின் வாசலில் அவர் ஓரிடத்தில் நில்லாமல் நடந்தார். பேசிவைத்தபடி அம்முறை ஆர்டருக்கு உரியவரான செல்லத்துரை சிரித்தார்.

“என்னய்யா ஞானம், பிரசவ வார்டு வாசல்ல நிக்கிறவன் மாதிரி அலையுற? ஆர்டர் எனக்குத்தானே, உக்காருய்யா!”

“சும்மாதாண்ணே.”

ஆர்டர் ஞானப்பிரகாசத்துக்கே கிடைத்தது. செல்லத்துரை சத்தமிடவில்லை.

“சந்தோஷம் தம்பி. பெட்டியை எதுல செய்வே, அட்டையிலயா?”

ஞானப்பிரகாசம் மரக்கடைக்கு விரைந்தார். அங்கே பலகைகள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன.

“ஸ்டாக் நஹீ ஹை,” சரக்கு இல்லை என்றார் போஸ்லே, அவற்றின்மேல் சாய்ந்துகொண்டே.

ஞானப்பிரகாசம் வேறு மரக்கடை தேடி ஸ்கூட்டரை உதைத்தார்.