மனந்திரும்பும் பெஞ்சு

வீடு தீப்பிடித்த நேரத்தில் உங்கள் குரலும் போய்விட்டால், ஊரை எப்படிக் கூப்பிடுவீர்கள்?

கிலேயாத் முனையில் ஹெஸ்டருக்கு ஜெபக்கூடத்து மணிதான் இருந்தது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றோரம், ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் அந்தக் காலத்தில் கூடாரம் அடித்த இடங்களிலேயே கோடை வீடுகள் எழும்பியிருந்தன. எல்லாம் மரம். ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்கு உப்பு கொடுத்து வாங்கலாம். அந்த ஞாயிறு மாலை எல்லோரும் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் உலாவிக்கொண்டிருந்தபோது, புகைபோக்கியிலிருந்து பறந்த பொறி ஹெஸ்டரின் கூரையைப் பிடித்தது. மாடியில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த கணவன் அமாசாவை இழுத்துப் பார்த்தாள். ஆளை அசைக்க முடியவில்லை. புகை குடித்துக் குரல் போனதுதான் மிச்சம்.

மேட்டைத் தாண்டி ஜெபக்கூடத்துக்கு ஓடினாள். தீ என்றால் மணியை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். கயிறு கனத்தது. நாலு இழுப்பில் கை ஓய்ந்து, மணி நிதானமாக ஒலித்தது. ஜெபத்துக்கு அடிப்பது போலவே.

ஆட்கள் பாட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். ஹெஸ்டர் உள்ளே ஓடி, கால் தடுக்கி, மனந்திரும்புகிறவர்கள் முழங்கால் போடும் பெஞ்சின் முன்னால் விழுந்தாள். பதினோரு கோடையாக அவள் அந்தப் பெஞ்சுப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

“வந்துட்டாளே,” என்றாள் பக்கத்து வீட்டு ட்ரூசில்லா. “அழு சிஸ்டர். அடக்கி வச்சதெல்லாம் வெளிய வரட்டும்.”

ஹெஸ்டர் வாசலைக் காட்டினாள். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

“பிசாசு வெளிய இழுக்குது பாருங்க. பிடிச்சுக்கோங்க,” என்றார் பாஸ்டர் பெல்டன்.

இரண்டு பெண்கள் அவள் தோளை அழுத்தினார்கள். பாட்டு ஆரம்பித்தது.

“எத்தனை சரணம்?” என்று கிசுகிசுத்தாள் ஒருத்தி.

“ஆறும் பாடுவோம். பதினோரு வருஷம் காத்திருந்தோமில்ல,” என்றாள் ட்ரூசில்லா.

மூன்றாம் சரணத்தில் ஹெஸ்டர் உதறிக்கொண்டு எழுந்தாள். பிரசங்க மேடையில் இருந்த தண்ணீர்க் கூஜாவை வாரிக்கொண்டு ஓடினாள்.

“அடியே, அது பாஸ்டரோட தண்ணி,” என்று பாவாடையைத் தூக்கிக்கொண்டு துரத்தினாள் ட்ரூசில்லா. மேட்டின் உச்சியில் அப்படியே நின்றாள். பிறகு அவள் போட்ட கூச்சலில் பாட்டு நின்றது.

ஆற்றிலிருந்து வாளிகள் கை மாறின. நாலு பேர் அமாசாவை மெத்தையோடு இறக்கினார்கள்.

“மெதுவாத் தூக்குங்கப்பா, இன்னும் சாகல,” என்று இருமினான் அவன்.

கூரை போயிற்று.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜெபத்துக்கு மணி அடித்தது. நாற்பது பேர் வந்தார்கள். எல்லோர் கையிலும் வாளி இருந்தது.