கரண்டை மட்டும் விட்டு வையுங்கள்

சர்க்கரை நோய் ஊசி மருந்தின் விலையை அரசாங்கம் பாதியாகக் குறைத்த அன்று, சர்க்கரையைத் தொடவே கூடாத என் வீட்டுக்காரர் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். குழாய் ரிப்பேர் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, இந்த விலைக் குறைப்புக்காகவே வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டவர். அவருக்கே தினமும் அந்த ஊசி வேண்டும். தேர்தலில் ஜெயித்தது தான்தான் என்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். எனக்கும் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? பாதி விலை யாருக்குக் கசக்கும்?

கொஞ்ச நாளில் மருந்து காணாமல் போயிற்று. அது கப்பலில் வரும் சரக்கு. அங்கே வாங்கும் விலையைவிட இங்கே விற்கும் விலை குறைவு என்றால் எவன் கொண்டுவருவான்? கடைக்குக் கடை புது விலையைக் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். அலமாரி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்.

என் அண்ணனும் மருந்துக்கடைதான் வைத்திருந்தான். துறைமுகத்தில் ஒரு வியாபாரியைப் பிடித்து, அவன் கேட்ட விலையைக் கொடுத்து மருந்து வாங்கிவந்தான். தன் லாபத்தையும் மேலே வைத்து விற்றான். பழைய விலையைவிடவும் அது கூடுதல். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப்போனார்கள், உயிரோடும் இருந்தார்கள். என் வீட்டுக்காரரும் அந்த மருந்தைத்தான் போட்டுக்கொண்டார், அதுவும் ஓசியில். ஓசியில் வாங்கிக்கொண்டே சண்டையும் பிடித்தார்.

"நோயாளி வயித்துல அடிக்கிறீங்களே மச்சான், இது நியாயமா?" சாப்பிட உட்கார்ந்த இடத்தில்தான் ஆரம்பிப்பார்.

"அரசாங்க விலைக்கு எனக்கு யாராவது கொடுக்கட்டும் மாப்பிள்ளை, நானும் அதே விலைக்குத் தர்றேன். யார் கொடுக்கிறான்னு காட்டுங்க."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? நாங்க ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம்."

"ஓட்டுப் போட்டா ஆள் மாறும். கப்பல்காரன் விலை மாறுமா?" அண்ணன் சிரித்தான். "சரி சரி, சாப்பிடுங்க. கை காயுது பாருங்க."

அந்தச் சிரிப்புதான் அவருக்குச் சுருக்கென்று பட்டது. கட்சிக் கூட்டத்தில் மைக் கையில் கிடைத்ததும், "என் சொந்த மச்சானே ஆனாலும் தப்பு தப்புதான்" என்று கடை இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டார். கைதட்டல் காதைப் பிளந்தது. அதிகாரிகள் கூப்பிட்டு மிரட்டுவார்கள், மச்சான் கொஞ்சம் விலையை இறக்குவான், இவ்வளவுதான் அவர் நினைத்தது. போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

மறுநாளே ஜீப் வந்தது. அண்ணனை ஏற்றினார்கள். விலைக் கட்டுப்பாட்டு அதிகாரி கடையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஷட்டரை இறக்கினார்.

"சார், ஃபிரிட்ஜ்ல மருந்து இருக்கு" என்று அண்ணன் ஜீப்பிலிருந்து கெஞ்சினான். "சூடு பட்டா அது வெறும் தண்ணி. கரண்டை மட்டும் விட்டு வைங்க."

"சீல் வைக்கிற கடையில கரண்ட் இருக்கக் கூடாது. தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது?"

"அப்போ ஆஸ்பத்திரிக்காவது சும்மா கொடுத்துடுங்க" என்றேன் நான்.

"அது சாட்சிப் பொருள்மா. தொடக் கூடாது."

அதிகாரி கோபப்படவே இல்லை. அரக்கை நிதானமாக உருக்கிப் பூட்டின் மேல் வைத்தார்.

நல்ல கோடை. கடைக்குத் தகரக் கூரை. மச்சானை விடச் சொல்லி வீட்டுக்காரர் கட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தார். 'பார்க்கலாம்' என்றார்களாம்.

வீட்டிலிருந்த கடைசிக் குப்பி அடிமட்டத்துக்கு வந்த சமயத்தில் கடையைத் திறந்தார்கள். பறிமுதல் செய்த மருந்தை அரசு விலையில் மக்களுக்கே விற்கப்போகிறார்களாம். மேடை, மைக், கேமரா எல்லாம் வந்தன. ஜெயிலில் பார்த்தபோதே அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தான்: "அதை எவனும் தொட வேண்டாம்னு சொல்லு. முக்கியமா மாப்பிள்ளை." வரிசையில் நின்றவர்களிடம் தொண்டை கிழியச் சொன்னேன். "அண்ணனைக் காப்பாத்தப் பேசுது" என்றார் ஒருவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சொந்தபந்தம் பார்க்காத தொண்டர் என்று மைக்கில் புகழ்ந்து, முதல் குப்பியை வாங்க என் வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டார்கள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அரசாங்கம் கெட்டுப்போனதையா கொடுக்கும்? உனக்கு உங்க அண்ணன் சொன்னா வேதவாக்கு" என்று என் கையை உதறிவிட்டு மேடை ஏறினார்.

ஊசி போட்டார். சர்க்கரை இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டார். அப்போதும் இறங்கவில்லை. தாகம் எடுத்தது, வாந்தி வந்தது, பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். "அந்த ஊசி இங்கேயும் ஸ்டாக் இல்லக்கா. வெளியில கிடைச்சா சீக்கிரம் வாங்கிட்டு வாங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு வெடித்திருந்தது. எவ்வளவு பேசிய வாய். எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

"எவ்வளவு கேட்டாலும் கொடுத்துடு" என்றார். "விலை பேசாதே. வாங்கிட்டு வா."

வளையலை விற்று எடுத்த பணத்தோடு கடை கடையாய் ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் விலைப் பலகை பளிச்சென்று தொங்கியது. என்ன விலை வேண்டுமானாலும் தருகிறேன் என்று ஒரு கடைக்காரரிடம் கெஞ்சினேன். அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இருந்தாத்தானேம்மா கொடுக்கிறதுக்கு? இந்தப் பக்கம் அதைக் கொண்டுவந்தவர் ஒருத்தர்தான். அவரையும் உள்ளே வச்சுட்டாங்க. யாரோ சொந்தக்காரனே காட்டிக் கொடுத்தானாமே?"

"ஆமா" என்றேன்.

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது பணம் அப்படியே கையில் இருந்தது. அவர் படுத்திருந்த கட்டிலில் வேறு ஒருவரைப் படுக்கவைத்திருந்தார்கள்.